அசை போடாத குதிரை

அனந்தபுரம்,
14-9-1938

சிரஞ்சீவி மாப்பிள்ளை சீனுவாசன் அவர்களுக்கு மாமனார் தாண்டவராயன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் மாமியார் முனியம்மாள், உங்கள் குதிரை மூவரும் சௌக்கியம். குதிரை மட்டும் இன்று காலையிலிருந்துதான் சௌக்கியம். வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுவது மரியாதை.

உங்கள் ஊர் பிரம்மதேசத்தில் நீங்கள் நிலம் வாங்கியதும் உழவுக்கு என் காளை ஜோடியை அனுப்பினேன். நான் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போய்வர உங்கள் குதிரையும் ஜட்காவும் வந்தன. அறுப்பு வரைக்கும் இந்த மாற்று என்று பேச்சு. நான் பிறந்ததிலிருந்து மாட்டோடு இருப்பவன், குதிரையை ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. வந்த அன்று வைக்கோல் போட்டேன், தின்றது. தின்றுவிட்டுப் படுக்கவில்லை, அசை போடவில்லை, சும்மா நின்றது. நானும் மாமியாரும் எதிரே உட்கார்ந்து அதன் வாயையே பார்த்தோம். மாடு அசை போடாவிட்டால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி வந்து பார்த்து, வயிறு கட்டிக்கொண்டது என்றார். மிளகு, பூண்டு, வெற்றிலை எல்லாம் இடித்துக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினோம். பாதி குதிரைக்குப் போயிற்று, பாதி கோதண்டபாணி மேல். மறுநாளும் அசை இல்லை. சரி, அசை போட வயிற்றில் சரக்கு போதவில்லையோ என்று ஒரு கூடை கொள்ளு, மல்லாட்டைப் புண்ணாக்கு, ஒரு தவலை கேப்பைக் கூழ் எல்லாவற்றையும் ஒரே வேளையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குதிரை முன்காலால் தரையைப் பிறாண்டியது, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, அப்புறம் படுத்தது. படுத்துவிட்டது, இனி அசை போடும் என்று மாமியார் கற்பூரமே ஏற்றிவிட்டாள். அது நாலு காலையும் மேலே தூக்கிப் புரண்டபோதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறுப்பு முடிந்தால் ஜட்கா ஓட்டித்தான் உங்கள் பிழைப்பு. குதிரை போய்விட்டால் அந்த வீட்டில் என் மகள் ராஜாமணி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்து, மறைப்பானேன், அழுதுவிட்டேன்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சுப்பராயலு வந்தார். குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். என்ன தீனி போட்டேன் என்று விசாரித்தார். நான் வரிசையாகச் சொல்லி, எல்லாம் அது அசை போடாததால் வந்தது என்று முடித்தேன். அவர் காதைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னாங்க நீங்க? மாட்டுக்கு வயித்துல நாலு அறை, தின்னத மேல கொண்டாந்து மென்னுக்கினு கெடக்கும். குதிரைக்கு ஒரே பை, அதுவும் சின்னது. உள்ள போனது திரும்பி வராது, வாந்திகூட எடுக்காது. புல்லு செரிக்கறதெல்லாம் பின்னால பெருங்குடல்ல. அது ஜென்மத்துக்கும் அசை போடாதுங்க."

எண்ணெய் புகட்டி, மெதுவாக நடத்தச் சொன்னார். லத்தி போட்டால் பிழைக்கும் என்றார். தெருவே லத்திக்காகக் காத்திருந்தது. இன்று காலை போட்டது. மாமியார் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இனிமேல் புல்தான் பிரதானம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தண்ணீர் காட்டிய பிறகுதான் ஊறவைத்த கொள்ளு, அதையும் அளவாக. எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆகையால் பேசியபடி அறுப்பு வரை குதிரை இங்கேயே இருக்கட்டும். காளைகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, உங்களைப் போன்ற நிதானஸ்தரிடம் இருக்கின்றன. பிராணியின் சுபாவம் தெரியாமல் அவசரப்படுவது என்னோடு போகட்டும்.

உங்கள் நிலம் நன்றாக விளைந்து, நீங்களும் ராஜாமணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ராஜாமணியின் கார்டு வந்தது. காளைகள் தீனி முடிந்த பிறகும் வெறும் வாயை மென்றுகொண்டே இருக்கின்றனவாம். பல்லில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நீங்கள் இரண்டு நாள் தேடி, ஒன்றும் அகப்படாமல், தீனி நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாயைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறீர்களாம். மாப்பிள்ளை, முதலில் கயிற்றை அவிழுங்கள். மாற்று ரத்து. கம்பவுண்டர் குதிரையை நடத்தத்தானே சொன்னார், பிரம்மதேசம் வரைக்கும் நடத்திக்கொண்டு வருகிறேன். தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் இந்தக் கடிதத்தையும் நானே கொண்டு வருகிறேன்.