தாமெலோ என்றால் கொடுத்துவிட வேண்டும்

எனக்கு எழுபத்தெட்டு வயசாகிறது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் மூத்தவனைக் கப்பலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி வளர்த்தேன். அதற்குக் காரணம் மணிலா வாத்தியார். அப்படியொரு மனுஷரைப் பினாங்கு அதற்கு முன்னும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை.

மணிலாவில் ஸ்பானிஷ்காரர் வீட்டில் சமைத்துவிட்டு வந்தவர். எங்கள் சலவைக்காரர் வரிசையில் ஓர் அறையில் இருந்தார். மணிலாக் கப்பல் வந்தால், ஸ்பானிஷ் பாஷையில் ரெண்டு வார்த்தை பேசுகிறவருக்குத்தான் வெளுக்கத் துணி கிடைக்கும். அதனால் சாயங்காலம் துணி மடிக்கும்போது எங்களுக்கு வகுப்பு.

"ஆள் முன்னே, பொருள் பின்னே! 'மெ' எனக்கு, 'லோ' அதை. ரெண்டையும் 'தா'வோடு ஒட்டு. தாமெலோ! எனக்கு அதைக் கொடு!"

சொன்ன நொடியில் கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். யோசித்தால் கத்துவார். கொடுக்கும்போதும் முதலில் வாங்குகிறவர் கையைத் தொட வேண்டும், பிறகுதான் பொருள். ஒருமுறை என் வீட்டுக்காரர் சூடான இஸ்திரிப் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டார். வாத்தியார் குதித்த குதி இருக்கிறதே! குதித்துக்கொண்டே, "கொடுத்த விதம் சரி லா" என்றார்.

ஒரு நாள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். கப்பலோ கிளம்பப் போகிறது. தலையில் துணி மூட்டை, இடுப்பில் மூத்தவன், நானே சம்பான் படகில் ஏறினேன். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற வாத்தியாரும், நான் பேசுவதைக் கேட்கவேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கூட வந்தார்.

வாத்தியார் சம்பானிலேயே இருந்துகொள்ள, நான் கப்பல் ஏணியில் ஏறினேன். உச்சியில், முந்தின நாள் வெளுக்கத் துணி போட்டிருந்த சீமாட்டி கையை நீட்டினாள். "தாமெலோ!"

முதலில் அவள் கையைத் தொட்டேன். பிறகு கொடுத்தேன். பிள்ளையை.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளையைக் கொஞ்சினாள். யாருக்கோ காட்ட உள்ளே போய்விட்டாள். கப்பல் ஊதியது. மாலுமிகள் வியாபாரிகளையெல்லாம் விரட்ட, அந்த நெரிசலில் நானும் கீழே தள்ளப்பட்டேன். சம்பானில் விழுந்தபோது மூட்டை என் தலையிலேயே இருந்தது. ஏணி மேலே எழும்பத் தொடங்கியது.

"லோ! லோ!" என்று அலறினேன்.

கண்ணைத் திறக்காமலே வாத்தியார் சொன்னார்: "தங்கச்சி, ஆளை விட்டுட்டியே! 'மெ' எங்கே?"

"எம்புள்ள போவுதுய்யா! நீரெல்லாம் ஒரு வாத்தியாரா?"

கண்ணைத் திறந்தார். மூட்டையைப் பார்த்தார், என் வெறும் இடுப்பைப் பார்த்தார். ஒரே தாவு! ஏணியைப் பிடித்துத் தொங்கினார். வேட்டி கடலோடு போனது.

"தாசெலோ! தாசெலோ! அவளுக்கு அதைக் கொடு!"

கப்பலே அதிர்ந்தது. ஏணி நின்றது, இறங்கியது. என் மூட்டையை வாங்கிக்கொண்டு ஏறியவர், கோவணத்தோடு, பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நடுங்கி இறங்கி வந்தார். நான் கையை நீட்டினேன். 'மெ' எங்கே, 'லோ' எங்கே என்று அவர் கேட்கவில்லை. முதலில் என் கையைத் தொட்டார். பிறகு கொடுத்தார்.

பேத்தி செல்வி, அந்த மூத்தவன் உங்கப்பன்தான்; அவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தா, படித்துக் காட்டு. கையை நீட்டு; முதலில் உன் கையைத் தொடுவேன், பிறகுதான் கொடுப்பேன்.