ஹம்பக்கரும் ஒரு டியூப்லைட்டும்

இந்தத் தடவை என் மனைவியை ஜெயித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கப் படையெடுத்து வந்தவர்கள்கூட இவ்வளவு உறுதியாக இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அவர்கள் கலைச்செல்வியோடு குடித்தனம் பண்ணியதில்லை.

நான் கல்யாணக் கச்சேரிகளில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவன். பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒருவர், வீட்டில் வைத்து வாசித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு புதுக் கிடாரைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பிடிக்காமல் போகுமா? தொட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை! மாரியம்மன் திருவிழாக் கச்சேரியில் முதன்முதலாக எனக்குத் தனி வாசிப்பு. அதை இந்தக் கிடாரில்தான் வாசிக்க வேண்டும். ஆனால் வீட்டு நிதியமைச்சர் சம்மதிக்க வேண்டுமே.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே. அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள்.

"அது சிங்கிள் காயில் பிக்கப். இது ஹம்பக்கர்!"

"பிக்கப்புன்னா? காலையில ஸ்கூல் வேன்காரன் வந்து புள்ளைங்கள ஏத்துவானே, அதுவா?"

"தந்திக்குக் கீழ காந்தம் இருக்குது பாரு, அதான் பிக்கப். தந்தி ஆடுறத அதுதான் புடிச்சி ஸ்பீக்கருக்கு அனுப்புது. பழசுல ஒரு கம்பிச் சுருள். புதுசுல ரெண்டு. பழசு கீச்சுன்னு இருக்கும். புதுசு கெட்டித் தயிரு!"

"கெட்டித் தயிருக்கு எரும மாடு வாங்கலாம்."

"அட, பழசு 'ங்ங்ங்'னு இரையுது கலை! பனமலை கல்யாணத்துல இன்னா ஆச்சு? ஜெனரேட்டர் கோளாறுன்னு நெனச்சி ஆஃப் பண்ணிட்டாங்க. இருட்டுலயே தாலி கட்டுனாங்க!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது. உங்களுக்கும் அப்படித்தான். சும்மா புதுசு மேல ஆச."

அங்கேதான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணக் கட்டிவிடு. ரெண்டையும் மாத்தி மாத்தி மீட்டு. எது எதுன்னு நான் சொல்றேன். கரெக்டா சொல்லிட்டா கிடாரு நம்ப வீட்லயே இருக்கட்டும்!"

"தப்பா சொன்னா?"

"கடைக்கே போயிடும். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சரி" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னதே இல்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தயிர் என்று வாயால் சொல்லிவிட்டேனே தவிர, அவள் தாறுமாறாகத் தந்தியைத் தேய்த்தால் எனக்குத் தயிரும் தெரியாது, மோரும் தெரியாது. அதனால் ஒரு வேலை செய்தேன். சோக் வைத்த பழைய டியூப்லைட் பக்கத்தில் எரிந்தால் போதும், சிங்கிள் காயில் வண்டு மாதிரி இரையும். ஹம்பக்கர் வாயைத் திறக்காது. இரைந்தால் பழசு, இரையாவிட்டால் புதுசு. இதில் எவன் தோற்பான்! ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடைத்தெருவுக்குப் போன சமயத்தில், ஹாலில் இருந்த எல்.இ.டி. விளக்கைக் கழற்றிவிட்டுப் பரணில் கிடந்த டியூப்லைட்டை மாட்டினேன்.

காய்கறிப் பையோடு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"லைட்டு பீஸ் போயிடுச்சு."

"போன வாரம் மாட்டுனது பீஸ் போச்சு, பரண் மேல கெடந்தது எரியுதா?"

"இது கண்ணுக்குக் குளிர்ச்சி."

"கண்ணத்தான் கட்டிக்கப் போறீங்களே. போயி குளிச்சிட்டு வாங்க. நல்ல காரியம்."

நல்ல காரியமாம்! பாடிக்கொண்டே குளித்தேன். வந்து பார்த்தால் எல்லாம் தயார். பழைய கிடார் சோபாவில். புதுசு உறைக்குள் பத்திரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. தலைக்கு மேலே என் டியூப்லைட் ஜம்மென்று எரிந்தது. கலைச்செல்வி தடித்த துண்டால் என் கண்ணை இறுக்கிக் கட்டினாள்.

டப். ஒயரைச் செருகினாள். "ங்ங்ங்..." என்ற இரைச்சல். அதன்மேல் பரபரவென்று ஒரு தேய்ப்பு.

"பழசு!" என்று கத்தினேன்.

"அவ்ளோ சீக்கிரமாவா?"

"காது இருக்குதே காது!"

உறையின் ஜிப் சத்தம். ஒரு டப். ஒரு இருமல். இன்னொரு டப். தந்திகள் ஒலித்தன. இரைச்சல் துளிகூட இல்லை!

"ஆஹா! இதான் ஹம்பக்கர்! கேட்டியா? ரெண்டு சுருளும் சேர்ந்து பேசுது! கெட்டித் தயிரு! நடுவுல கரண்டிய நட்டா நிக்கும்!"

"நல்லா கேட்டுச் சொல்லுங்க. திருவிழாவுல இதுல வாசிச்சா கை தட்டுவாங்களா?"

"தட்டுவாங்களாவா? மாரியம்மாவே எறங்கி வந்து ஆடுவா! இந்த சவுண்டுக்கும் அந்தப் பழைய டப்பாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்!"

"சரி, அவுத்துக்குங்க."

துண்டைப் பிடுங்கி எறிந்தேன். அவள் மடியில் என் பழைய டப்பா. மேலே டியூப்லைட் அணைந்திருந்தது.

"மொதல்ல லைட்டு எரிஞ்சிது, இரைஞ்சிது. அப்புறம் அணைச்சேன், அடங்கிடுச்சு. ரெண்டு தடவையும் வாசிச்சது இந்தப் பழசதான்" என்றாள் சாவகாசமாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தினி வருஷமா நான் லைட்டு போட்டா கிடாரு கத்துது, அணைச்சா கம்முனு ஆவுது. எனக்கும் காது இருக்குதே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "போனா போவுது. திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ வாசிச்சிக்கிறேன்" என்று புதுக் கிடாரைத் தூக்கினேன். உறை பஞ்சாக மேலே வந்தது. ஜிப்பை இழுத்தால், உள்ளே என் தலையணை!

"கிடாரு எங்க?"

"நீங்க குளிக்கறப்பவே கெளம்பிடுச்சு. பக்கத்து வீட்டு தேவேந்திரன் அண்ணன் பாண்டிச்சேரிக்குப் போறேன்னாரு. பெட்ஷீட்டுல பத்திரமா சுத்திக் குடுத்தனுப்பிட்டேன்."

"போட்டிக்கு முன்னாடியேவா? ஒருவேள நான் ஜெயிச்சிருந்தா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே செத்துவிட்டது. காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அந்தத் தலைகாணிய உள்ள எடுத்துட்டு வராதீங்க. ஒரு வாரத்துக்கு நீங்க ஹால்லதான் படுக்கணும்."