ஓ ஒன்று அதிகம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், நம்பிவிடாதீர்கள்.

உங்கள் பழைய மேலதிகாரியின் மகன், அந்தப் பல் டாக்டர், அவரும் என் மகளும் மனமொத்துப்போய், நீங்கள் நடுவில் நின்று இரண்டு வீட்டையும் பேச வைத்து, எல்லாம் கூடிவந்த சம்பந்தம் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. தொங்கவிட்டவன் நான். உங்கள் பக்கம் இன்னும் சேதி வரவில்லை என்றால் அது அவர்களுடைய பெருந்தன்மை. வந்திருந்தால் என் தரப்பையும் கேளுங்கள், கேட்பதற்கு வேறு ஆள் எனக்கு இல்லை.

எங்கள் பதிப்பகத்தில் புதிதாகப் புரூஃப் பார்க்க வருகிறவர்களுக்காக, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் பிழைகளைத் தொகுத்து ஒரு சின்னக் கையேடு எழுதும்படி என்னிடம் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் ஜன்னல் இல்லாத அறையில் அடுத்தவர் எழுதியதையே படித்துக் கண் பூத்தவனுக்கு, நீயே எழுது என்றால் தலை கால் புரியுமா? இட்ஸ் என்பதற்கு மேலே கொக்கி போட்டால் ஒரு பொருள், போடாவிட்டால் இன்னொரு பொருள் என்று ஆரம்பித்து, லூஸ் என்ற சொல்லுக்கு வந்திருந்தேன். ஒரு ஓ போட்டால் இழப்பது, இரண்டு ஓ போட்டால் ஆட்டம் கண்ட ஆணி. உலகத்தில் பாதிப் பேர் இழக்கிற இடத்தில் ஆணியை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி, அதை நானே ரசித்துச் சிரித்தபோதுதான் தபாலில் பல் டாக்டரின் கடிதம் வந்தது. நேரில் கேட்கக் கூச்சம் போலிருக்கிறது, பெண்ணைக் கேட்டு முறையாக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தால் இன்று நான் மனிதனாக இருந்திருப்பேன். அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். கையில் சிவப்புப் பேனா இருந்தது.

கடைசி வரியில், உங்கள் மகளின் கையைப் பிடித்த பிறகு ஒருநாளும் லூஸ் பண்ண மாட்டேன் என்று எழுதி, இரண்டு ஓ போட்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை அத்தான், கை தானாகப் போனது. அந்தச் சொல்லைச் சுழித்து, கோடு இழுத்து, ஓரத்தில் அதே சொல்லை எழுதிக் கேள்விக்குறி போட்டேன். அவளை வெரி வெரி மச் நேசிப்பதாக மேலே இருந்தது, கூறியது கூறல் என்று ஒரு வெரியை அடித்தேன். அடித்துவிட்டு, திருத்தி முடித்த தாள்களை வைக்கிற தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அந்தத் தட்டில் இருப்பது எதுவானாலும் எழுதியவருக்கே திரும்பிப் போய்விடும். எங்கள் தபால் பிரிவு வேறு எதில் தாமதித்தாலும் இதில் மட்டும் தாமதிக்காது.

அங்கே உறையைப் பிரித்தது டாக்டரின் அம்மா. நான் இழுத்த கோடு கீழே மகனுடைய கையெழுத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதன் முனையில் லூஸ் என்று இருக்கிறது. அந்த அம்மா அதை எப்படிப் படிப்பார்? நாம் எல்லோரும் எப்படிப் படிப்போமோ அப்படித்தான் படித்தார். உடனே என் மனைவியைப் போனில் கூப்பிட்டு, "எம் பையனை லூசுன்னு எழுதியிருக்காரு. அதுலயும் சந்தேகமாம், கேள்விக்குறி வேற," என்றாராம். பாதி அன்பையும் அடித்துவிட்டேன் என்று அந்த வெரியைத் தனியாகச் சொல்லி அழுதிருக்கிறார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பதறிப்போய் நானே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விஷயம் ஒன்றுமில்லை என்று தொடங்கி, "உங்க பையன் ஒண்ணு போட வேண்டிய இடத்துல ரெண்டு போட்டுட்டாரு, அவ்வளவுதான்," என்றேன். அந்த அம்மா, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். எந்தப் பழக்கம் என்று எனக்கு உறைப்பதற்குள் அடுத்த வீட்டு அடுப்பில் பால் பொங்கி அடங்கியிருக்கும்.

வாயால் பேசினால்தானே வம்பு, எழுத்திலேயே தீர்த்துவிடலாம் என்று எதிர் மேஜைக்காரரிடம் யோசனை கேட்டேன். அவருக்கு எங்கள் அறையில் 'கமா' என்று பெயர், மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் ஒன்று போடுவார். புத்தகத்தில் தவறு நேர்ந்தால் நாம் என்ன செய்கிறோம், பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுகிறோம், அதையே செய்யுங்கள் என்றார். எனக்கும் அது நாகரிகமாகப் பட்டது. இரண்டு ஓ போட்ட சொல்லை ஒரு ஓ போட்ட சொல்லாக வாசிக்கவும் என்று, இரண்டு சொல்லையும் ஆங்கில எழுத்திலேயே அழகாக டைப் செய்து அனுப்பினேன். கண்ணுக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரின் அப்பா அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார்: லூஸ் என்பதை லூஸ் என்று வாசிக்கவும்.

அதற்குப் பிறகு அங்கிருந்து போனும் இல்லை, ஆளும் இல்லை. என் மனைவி என்னோடு பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். "வீட்டுக்கு வர்றவன் மனுஷனா, புரூஃபா?" என்று சுவரைக் கேட்டாள். சுவர் என்ன சொல்லும்? நம் பெண் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிழை திருத்தவே தெரியாத ஒருவனுக்கு மகளாகப் பிறந்திருந்தால் இந்நேரம் அவளுக்கு நாள் குறித்திருப்பார்கள்.

நீங்கள்தான் ஒரு நடை அங்கே போய்ச் சொல்ல வேண்டும். நான் பையனைச் சொல்லவில்லை, ஓவைத்தான் சொன்னேன். திருப்பி அனுப்பியது தவறு, போனில் பேசியது தவறு, சீட்டு அனுப்பியது பெருந்தவறு, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழை பிழைதான். அங்கே ஒரு ஓ அதிகம். இதை எந்தச் சபையிலும் சொல்வேன், கையேட்டிலும் அப்படித்தான் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மானம், மரியாதை, மாப்பிள்ளை மூன்றும் போனாலும் இலக்கணமாவது என் பக்கம் நிற்கிறது, எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

அக்காவுக்கு என் அன்பு. அவளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். உங்கள் இருவர் ஆசியும் அந்தப் பெண்ணுக்கு வேண்டும்.

நொந்துபோன மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மருமகள், அதுதான் நம் பெண், அறையைவிட்டு வெளியே வந்தாள். அலமாரியிலிருந்து பெரிய அகராதியை எடுத்துத் திறந்து, இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தாள். இரண்டு ஓ போட்ட லூஸ் வினைச்சொல்லாகவும் வருமாம் அத்தான். கட்டை அவிழ்ப்பது, பிடியை விடுவது. பழைய வழக்குதான், ஆனால் சுத்தமான ஆங்கிலம்.

"அவர் தெரிஞ்சுதாம்ப்பா எழுதினாரு. கையை விட மாட்டேன்னு சொல்லணும், நீங்க படிக்கப்போறீங்கன்னு அகராதியைப் புரட்டிப் புரட்டித் தேடியிருக்காரு. நீங்க ஒரு ஓவை எடுத்துட்டீங்கன்னா, என் கையைத் தொலைக்க மாட்டேன்னு ஆயிடும். அது என்ன குடையா?"

ஆகவே மேலே எழுதிய எதையும் அங்கே படித்துக் காட்ட வேண்டாம். அந்த அம்மா படித்ததுதான் சரி. தாளில் ஒரு லூசு இருந்தது உண்மை, ஆனால் அது கையெழுத்துப் போட்டவர் இல்லை, ஓரத்தில் எழுதியவர் என்று நானே சொல்லியனுப்பியதாகச் சொல்லுங்கள். டாக்டரைத் தனியாகப் பார்த்தால், பிடித்த கையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள். எத்தனை ஓ வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.