மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாலு பேர்

கொடுங்கையூர்
செவ்வாய்க்கிழமை

தாய்மாமன் பீம்ராவ் அவர்களுக்கு, அக்கா மகள் எழில்மொழி எழுதுவது. ஜெய்பீம். நானும் அம்மாவும் நலம். குப்பைமேட்டுப் புகைக்குள் குடியிருப்பவர்கள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். சைட்டில் நீங்களும் உங்கள் ஆட்களும் நலமா, ஹெல்மெட் கொடுத்தார்களா, அல்லது அதிகாரி வரும் நாளில் கொடுத்துவிட்டு அவர் கார் ஏறியதும் பிடுங்கிக்கொள்கிறார்களா என்று அறிய ஆவல். உங்களுக்குப் போன் போட்டால் கான்கிரீட் மிக்சர் சத்தம்தான் பேசுகிறது. ஆகவே இந்தக் கடிதத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி, அம்மா கொடுத்தனுப்பும் கேரியரின் மேல்தட்டில் வைக்கிறேன். சாம்பார் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சாப்பிடுவதற்கு முன்னால் படிக்கவும்.

மாமா, வியாசர்பாடியில் நம் பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்த இடத்தில் நீங்கள் இப்போதுதான் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். திருவொற்றியூர் ஆபீசில் நான் அதே கட்டடத்தை ஆறு மாடியும் கட்டி முடித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குள்தான். நாங்கள் அதை மாடல் என்போம். உங்கள் கையிலிருக்கும் வரைபடம் வெறும் கோடு. மாடலில் ஒவ்வொரு செங்கலுக்கும் குழாய்க்கும் பெயர், அளவு, ஆயுள் எல்லாம் உண்டு. இனிமேல் எல்லாக் கட்டடமும் இப்படித்தான், முதலில் உள்ளே எழும், பிறகுதான் வெளியே என்கிறார் முதலாளி பிராங்கிளின் சார். கட்டி முடித்த பிறகும் மாடல் சாகாதாம். முப்பது வருஷம் கழித்து ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் அதில்தான் தெரியுமாம், யாரும் நேரில் வந்து பார்க்கவே வேண்டாமாம். இப்போது மட்டும் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "வாய் கொஞ்சம் ஜாஸ்தி உனுக்கு" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். தீப்பிடித்தால் எல்லோரும் எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குவார்கள் என்று மாடலிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். நானூற்று எண்பது பேரை உள்ளே விட்டோம். முகமில்லாத சாம்பல் நிறப் பொம்மைகள். எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து வரும் சாம்பல் வேறு மானிட்டரில் படிந்திருந்ததால் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். பகல் பதினொரு மணி, வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, பொம்மைகள் மடமடவென்று இறங்கின, ஆறு நிமிஷத்தில் மாடிகள் காலி. நாலு பேரைத் தவிர. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போது படி திரும்புகிற லேண்டிங்கில் முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடைவெளி விட்டு அப்படியே நின்றார்கள். தீ என்று சொன்ன பிறகும் நின்றார்கள்.

"இன்னாத்துக்கு இவனுங்க அங்க நின்னுகினு கீறானுங்க?" என்றார் பிராங்கிளின் சார்.

"தம் அட்ச்சிகினு கீறாங்களோ இன்னாவோ சார்" என்றாள் என் பக்கத்து சீட் ஆஃபியா.

"பத்திகினு எரியறப்ப இன்னாடி தம்மு? அழிச்சிடு அந்த நாலையும்."

அழித்தோம். மீதி நானூற்று எழுபத்தாறு பேரை ஓட்டினோம். நானூற்று எழுபத்திரண்டு பேர் இறங்கினார்கள். அதே லேண்டிங்கில் வேறு நாலு பேர், அதே இடைவெளி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சார் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை மானிட்டரில் சிலுவையாகத் தடவினார். அதற்குப் பிறகு அந்த மூலையில் நிறம் சரியாகத் தெரியவில்லை, நாலு பேர் மட்டும் நன்றாகத் தெரிந்தார்கள். ஆஃபியா அந்த கம்ப்யூட்டரில் உட்கார மாட்டேன் என்றாள். "உனுக்குப் பயமா இல்லியாடி?" என்று என்னைக் கேட்டாள். அவர்கள் என்ன சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை.

உங்களுக்கும் தெரியும் மாமா. பழைய பிளாக்கில் அப்பா இறந்த அன்று, ஐஸ் பெட்டி மூன்றாம் மாடித் திருப்பத்தில் திரும்பாது என்பதால் கீழேயே நின்றது. எங்கள் பிளாக்கில் எப்போதும் அதுதான் வழக்கம், செத்தவர் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். நீல பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அவருடைய லுங்கியாலேயே மார்போடு கட்டினீர்கள். நாற்காலியின் முன்கால் இரண்டை நீங்களும் எதிர்வீட்டு அறிவு அண்ணனும் பிடித்தீர்கள், பின்னால் ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரும் நானும். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பாவின் தலை ஆடியது, சரி சரி, அப்படியே ஆகட்டும் என்பதுபோல. முப்பது வருஷம் துறைமுகத்தில் சுமை தூக்கியவரை ஒரு படிக்கட்டு நேராகப் படுக்கவிடவில்லை.

புதுக் கட்டடத்தில் எல்லா லேண்டிங்கும் முதலில் நாலரை அடி. மின்சாரப் பெட்டிக்கு இடம் போதவில்லை என்று மூன்றடியாக்கிவிட்டார்கள். லிஃப்ட் இருக்கிறதே என்கிறார்கள். அந்த லிஃப்டில் ஆறு பேர் நிற்கலாம், ஒருவரும் படுக்க முடியாது. கட்டட கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. ஆனால் நாலு பேர் நிற்கிறார்கள் என்று சார் நடுங்கிக்கொண்டே தலைமை அலுவலகத்துக்குச் சொன்னதும், அங்கிருந்து ஒரு பெரிய என்ஜினியர் வீடியோவில் வந்து, "இன்னும் எவ்வளவு அகலம் கொடுத்தால் இறங்குவார்கள்?" என்று கேட்டார். நாலரை அடி வைத்து ஓட்டினோம். மெதுவாக, மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு, இடைவெளி குறையாமல் நாலு பேரும் இறங்கி வெளியே போனார்கள். சார் சிலுவை போட்டுக்கொண்டார். திருத்திய வரைபடம் அடுத்த செவ்வாய்தான் வருமாம்.

நீங்களோ இந்த வியாழக்கிழமை முதல் லேண்டிங்குக்குக் கான்கிரீட் போடுகிறீர்கள். அதை மூன்றடியில் போட்டுவிட்டால் மேலே இருப்பதெல்லாம் மூன்றடிதான், இன்னும் ஐம்பது வருஷத்துக்கு நம் ஆட்கள் நாற்காலியில்தான் இறங்குவார்கள். ஐந்து நாள் தள்ளிப்போடுங்கள் மாமா. மிக்சர் ரிப்பேர் என்று சொல்லுங்கள், ஜல்லி சரியில்லை என்று சொல்லுங்கள். இவர்களுக்குப் பொய் சொன்னால் பாவமில்லை.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் கையால் போட்ட கான்கிரீட் எல்லாம் விரிசலில்லாமல் நிற்கட்டும், உங்கள் முதுகுவலி தீரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
எழில்மொழி

பி.கு.: உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. அந்த நாலு பேரை நிறுத்தியது நான்தான். அப்பாவின் நீளத்துக்கு ஒரு பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாதபடி அவர்கள் நடுவில் வைத்தேன், அது திருப்பத்தில் இடித்தது. சார் அழிக்கும்போதெல்லாம் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மறுபடி வைத்தேன். உயிரோடிருப்பவள் எழுதிய மெயிலுக்கு அசையாதவர்கள் பேய்க்கு அசைகிறார்கள், நான் என்ன செய்ய? ஆகவே பயப்பட எதுவுமில்லை என்று எழுதி மடிக்கத்தான் போனேன். இன்று எனக்கு லீவு. இப்போது ஆஃபியா ஆபீசிலிருந்து போன் பண்ணி அழுகிறாள். காலையில் பழைய மூன்றடி மாடலை மறுபடி ஓட்டியதில் எட்டுப் பேர் இறங்கவில்லையாம். நாலு பேர் நான் வைத்தவர்கள். மற்ற நாலு பேர் ஐந்தாம் மாடியில், கடைசி வீட்டு வாசலில், உள்ளே பார்த்தபடி நிற்கிறார்களாம். அந்த மாடியில் நான் எதையும் வைக்கவில்லை மாமா. யாருக்கு எந்த வீடு என்ற ஒதுக்கீட்டுப் பட்டியல் நேற்றுத்தான் வந்தது. அந்த வீடு உங்கள் பெயரில் இருக்கிறது.