டிவிக் கதவைச் சாத்தியவன்

தொலைக்காட்சியில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று யாராவது வாதம் தொடங்கினால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். காரணம் வெட்கம். எழுபதுகளில் ஐந்து வாரம் நானே தணிக்கை அதிகாரியாக இருந்தவன். (சம்பளம் கிடையாது. ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.)

அப்போது நான் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வயது இருபத்தாறு. தோட்டம் முழுவதற்கும் மன்றத்தில் ஒரே டிவி. அந்தக் காலத்து டிவிக்கு அலமாரி மாதிரி இரண்டு கதவுகள் உண்டு. ஞாயிறு மத்தியானம் தமிழ்ப்படம் போட்டால் எண்பத்து நான்கு பேர் வந்து பாயில் உட்காருவார்கள். (எண்ணினேன்.) கதாநாயகன் நாயகியைத் தொட்டால் பெரியவர்கள் இருமுவார்கள். இருமல் போதவில்லை என்று பெரிய கங்காணி கூட்டம் போட்டார்.

"கதவு இருக்குல்ல? கண்ராவி வர்ற நேரத்துல சாத்திப்புடணும். அதுக்கு ஒழுக்கமான ஆளு வேணும். நம்ம சின்னக் கிராணி சினிமா கொட்டாய் வாசல மிதிக்காதவரு."

நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். மறுக்க முடியுமா? அவர் மகள் சரோஜாவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஜாதகம் பொருந்திவிட்டது; கங்காணி சம்மதம் சொல்வதுதான் பாக்கி. சினிமா பார்ப்பவனுக்குப் பெண் இல்லை என்பது அவர் கொள்கை. நானோ அதுவரை நாற்பத்தொரு படம் பார்த்திருந்தேன். எல்லாம் பல்வலி என்று சொல்லிவிட்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி பஸ்ஸில் அடிவாரத்து ஊரான தாப்பாவுக்கு இறங்கிப் பார்த்தவை.

நான்கு வாரம் நன்றாகவே போனது. பாட்டுக் காட்சியில் மழை தூறினால் சாத்துவேன். பாட்டு முடிந்ததும் திறப்பேன். ஒரே சிக்கல், சத்தத்தைக் குறைக்கும் திருகு கதவுக்கு உள்ளே இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்க, மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். படத்தில் இருந்ததைவிட மோசமான படத்தை அவரவர் மனத்துக்குள் எடுத்துக்கொண்டிருந்தது முகங்களில் தெரிந்தது.

ஐந்தாம் வாரம் போட்டது எனக்கு மனப்பாடமான படம். பரவசத்தில் மூளை நின்றுவிட்டது. கை மட்டும் வேலை செய்தது. எட்டு இடத்தில் கச்சிதமாகச் சாத்தினேன். ஒன்பதாவது இடத்தில் நாயகி தன்னந்தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாத்தினேன்.

"ஏங்க சாத்துறீங்க? அவ துணிதான்லா மடிக்கிறா!" என்றார் லோரி டிரைவர் மணியம்.

உள்ளேயிருந்து, "ஐயோ, யாரு? விடுங்க!" என்று நாயகியின் குரல். மன்றம் திகைத்தது. கொழுந்து பறிக்கும் அஞ்சலை அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆம்பள இன்னும் ரூமுக்குள்ளயே வரலியே கிராணி. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஊகம்தான்" என்றேன்.

"ஒம்பது தடவ சாத்துனீங்க, ஒண்ணுகூட தப்பலியேலா!" என்றார் மணியம்.

கங்காணி மெதுவாக எழுந்தார். "தம்பி, இந்தப் படத்த எத்தன தடவ பாத்திருக்கீங்க?"

பார்த்ததே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'எத்தனை' என்று கேட்டால் எனக்குப் பொய் வராது. அது ஒரு வியாதி.

"ஏழு" என்றேன்.

எண்பத்து நான்கு வாயும் திறந்தன.

"அதானே!" என்றார் அஞ்சலை அக்கா. "இத்தன தடவ பல்லு புடுங்கப் போனவருக்கு ஒரு பல்லுகூட கொறயலியேன்னு பாத்தேன்!"

கங்காணியின் முகம் கறுத்தது. கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சரோஜாவின் குரல். அப்பா முன்னால் அவள் உரக்கப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏழு தடவ பாத்தவரத்தானப்பா ஒழுக்கமானவருன்னு ஸ்டூல் போட்டு ஒக்கார வச்சீங்க? ஒரு தடவ பாத்தா நாங்க கெட்டுருவமா?"

மகளின் குரல் கேட்ட அதிர்ச்சியில் கங்காணி என்னை மறந்தே போனார். "தொறந்து விடுங்க" என்றார். பிறகு உட்கார்ந்து, தோள் துண்டால் தன் முகத்தை மூடிக்கொண்டார். படம் முடியும்வரை எடுக்கவில்லை. (துண்டு மெல்லிசு என்று அஞ்சலை அக்கா பிறகு சொன்னார்.)

மூன்று மாதம் கங்காணி என்னோடு பேசவில்லை. அப்புறம் பெண்ணைக் கொடுத்தார். "இனிமே பல்லுவலின்னா ரெண்டு பேருமா போங்க" என்றார்.

இன்றும் வீட்டில் மழை வரும், பால் பொங்கும் என்று நான் எதை முன்கூட்டிச் சொன்னாலும் சரோஜா பேரப்பிள்ளைகளிடம், "கேட்டுக்குங்க, தாத்தா ஏழு தடவ பாத்திருக்காரு" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு வருத்தம் சிரிப்பில் இல்லை, கணக்கில். மன்றத்தில் அன்று பார்த்ததையும் சேர்க்க வேண்டும்; ஒன்பது இடத்தில் நானே சாத்தியதைக் கழிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஏழே முக்கால்.