மல்லா என்பவர் யார்?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எங்கள் கல்லூரிச் சரித்திர வாத்தியார் ஒரே தடவையில் நம்பிய வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. எதைச் சொன்னாலும் “யார் சொன்னா?” என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. “யார்சொன்னா சார் வந்துட்டாரா?” என்று முதல்வரே கேட்பார்.

“இந்த வண்டி விழுப்புரம் போவாது” என்ற கண்டக்டரிடம் “யார் சொன்னா?” என்று கேட்டு, “நான்தான்யா கண்டக்டரு, ஜல்தி எறங்கு” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். முகூர்த்தம் முடியப்போகிறது என்ற புரோகிதரிடமும் மணையில் உட்கார்ந்தபடி அதையே கேட்டாராம். “நான் சொல்றேன், கட்டுங்க” என்று மணப்பெண் அதட்டியதால்தான் கல்யாணம் நடந்தது.

அப்பேர்ப்பட்டவரை என் செல்போன் கிறுக்காக்கிவிட்டது. நான் அங்கேயே பொருளாதார வாத்தியார்; புதுசு எதுவென்றாலும் முதல் ஆளாக நிற்பேன். செயற்கை நுண்ணறிவைச் செல்லில் இறக்கிக்கொண்டு ஆசிரியர் அறையில் அலட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து அதனிடமும் “யார் சொன்னா?” என்றார். ‘பல தரவுகளிலிருந்து கற்றேன்’ என்றது.

“பலன்னா யாரு? ஆளு சொன்னா ஆளக் கேக்கலாம். ஏட்டுல இருந்தா எழுதினவன் யாருன்னு பாக்கலாம். இத எங்க சார் போய்க் கேக்கறது?”

மூன்று நாள் மதியச் சோற்றை ஆறவிட்டு அதனோடு மல்லுக்கட்டினார். செல் என்னுடையது என்பதால் எனக்குப் பெரிய பேஜாராகப் போயிற்று.

அந்த வாரம்தான் கன்னியம்மாக்கா ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். எங்கள் கல்லூரியைப் பெருக்குபவர். பெருமுக்கல் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டிருந்தார். ஊரெல்லாம் வேர்க்கடலை என்பது எங்கள் பக்கத்தில் மல்லாட்டை; அது விளையும் நிலம் கொல்லை. பிடுங்கிக் காயப்போட்ட அன்றைக்குப் பார்த்து மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நிவாரண மனு கொடுக்க மறுநாள்தான் கடைசி. அது தவறினால் அடுத்த விதைப்பு கிடையாது.

“செல்லுல பேசுங்கக்கா, அதுவே எழுதிக்கும்” என்றேன்.

“கொல்லையில கெடந்த மல்லாட்டைய அடிச்சிக்கினு போயிடுச்சி சார்” என்று அழுதார்.

முத்து முத்தான தமிழில் மனு வந்தது. பெருமையாக நீட்டினேன். யார்சொன்னா சார் உரக்கப் படித்தார்: “மல்லா என்பவர் என் ஆட்டை அடித்துக்கொண்டு போய்விட்டார். அவர்மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

“மல்லா யாருக்கா?” என்றார்.

“எந்த மல்லாவையும் எனக்குத் தெரியாது சார். என்கிட்ட ஆடும் கெடையாது.” அக்கா மிரண்டுபோனார். “போலீஸு வருமா?”

நான் செல்லைத் திட்டினேன். ‘பிழைக்கு மிகவும் வருந்துகிறேன்’ என்றது. சார் அதைப் பிடுங்கிக்கொண்டார். “எப்படி வருந்துற? சோறு எறங்கலியா?” ‘மிக நல்ல கேள்வி!’ என்று அவரைப் பாராட்டியது.

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். “இது தெரியாமத் தப்பு பண்ணுதா, தெரிஞ்சு பண்ணுதா? மொதல்ல தெரியறதுன்னா இன்னா சார்?”

எனக்கென்ன தெரியும்? அன்றைக்குக் குழம்பியவன் இன்னும் தெளியவில்லை.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் அக்காவோடு பெருமுக்கல் பஸ் ஏறினார். குற்றம் என்னுடையது, நானும் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். மழை அடித்துப்போனது போக மிஞ்சி, முளைவிட்டுக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, அக்கா சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதினார். மல்லாட்டையை மல்லாட்டை என்றே எழுதினார்.

மறுநாள் தாலுகா அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: “இதுல எதுனா தப்பு இருந்தா யாரைங்க கேக்கறது?”

“என்னைக் கேளுங்க. கொல்லையில எறங்கிப் பாத்தவன் நான். எழுதினவனும் நான். கீழ பேரு, வூட்டு விலாசம் ரெண்டும் இருக்குது” என்றார் சார்.

பத்து நாளில் வந்து கொல்லையைப் பார்த்தார்கள். நிவாரணமும் வந்தது. கன்னியம்மாக்கா மறுபடி விதை போட்டார்.

நான் இப்போதும் எல்லாவற்றையும் செல்லிடம்தான் கேட்கிறேன். சட்டென்று சொல்கிறது, சில சமயம் சரியாகவும் சொல்கிறது. ஆனால் நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம் என்றால், என்னோடு பஸ் ஏறி வர எனக்கு அந்த மனுஷன்தான் வேண்டும்.