மின்விசிறிக்குத் தலை எது, கால் எது?

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில், மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. மிக்ஸி மக்கர் செய்தாலும் கூப்பிடுவார்கள், டி.வி.யில் படம் வராவிட்டாலும் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொன்னால், "அப்புறம் காலேஜ்ல என்னத்தப் படிச்ச?" என்பார் அப்பா. அதனால் தெரியாது என்று சொல்வதையே நான் விட்டுவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த அந்தக் கூத்துக்கு அதுதான் காரணம்.

கவிதா அக்காவுக்கு மணப்பாறையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை செந்தில் தோஹாவில் வேலை பார்த்தார். லீவு கிடைக்காததால் பெற்றோர் மட்டும் நேரில் வருவார்கள், பையன் வீடியோ காலில் பெண் பார்ப்பான் என்று ஏற்பாடு. அதுவரை வந்த வரன்களின் போட்டோவை எல்லாம் பார்த்த உடனே அக்கா ஏதாவது குறை சொல்லியிருந்தாள். ஒருவருக்கு மீசை சரியில்லை, இன்னொருவருக்குச் சிரிப்பு சரியில்லை. செந்தில் போட்டோவைப் பார்த்துவிட்டு மட்டும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும். இந்த இடம் எப்படியாவது முடிந்துவிட வேண்டும் என்று அம்மா வேண்டாத தெய்வமில்லை.

வீடியோ காலைப் போனிலேயே பேசினால் போதாதா என்றால், அப்பாவுக்கு அது மரியாதையாகப் படவில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதில் லேப்டாப்பை வைத்து, மாப்பிள்ளையே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் லேப்டாப்போ முக்கியமான நேரம் பார்த்துத்தான் அப்டேட் போட உட்காரும். மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது சுற்ற ஆரம்பித்துவிட்டால்? எனவே அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவெடுத்தேன். பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் போடுவது. இலவசம், சுதந்திரம், வேகம் என்று காபி ஆறும்வரை அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். (எனக்கே அந்த வாரம்தான் தெரிந்த விஷயங்கள்.)

"எதைப் போடறதா இருந்தாலும் எமகண்டத்துக்கு முன்னாடி போட்டு முடிச்சுடு" என்றாள் அம்மா.

இந்த இடத்தில்தான் சறுக்கினேன். லினக்ஸ் நல்ல பிள்ளை. 'முதலில் போடாமலே ஓட்டிப் பாருங்கள், உங்கள் கருவிகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்' என்று ஒரு வழி காட்டியது. அதற்கெல்லாம் நேரமில்லை, எமகண்டம் வந்துகொண்டிருக்கிறது. நேரடியாகவே போட்டேன். முடிந்ததும் பார்த்தால் வைஃபை இல்லை. போனைக் கேபிளில் மாட்டி, இணையத்தில் தேடி, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கிச் சரி செய்துவிட்டேன். அப்போது எனக்கு வந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஸ்பீக்கர் பாடியது. மைக் கேட்டது.

பாக்கி கேமரா. நானோ கிழிந்த பனியனில், ஷேவ் செய்யாத முகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோலத்தை நானே பார்க்க விரும்பாமல், மூடியை நன்றாகப் பின்னால் சாய்த்தேன். திரையில் எங்கள் கூடத்து மின்விசிறி அழகாகச் சுற்றியது.

"கேமரா ஓகே!" என்று அறிவித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

சாயங்காலம் ராகு காலத்துக்கு முன்பே மணப்பாறைக்காரர்கள் பை நிறைய முறுக்கோடு வந்து சேர்ந்தார்கள். அம்மா எல்லோருக்கும் கேசரி, பஜ்ஜி வைத்தாள். நாற்காலியில் இருந்த லேப்டாப்புக்கு முன்னாலும் ஒரு தட்டு வைத்தாள். நான் வீடியோ காலை இணைத்துவிட்டு, மரியாதையாக ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

செந்தில் திரையில் வந்தார். போட்டோவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தார். "வணக்கங்க" என்றார். என்றவர், மெதுவாகத் தலையை இடது பக்கம் சாய்த்தார். சாய்த்த தலை நிமிரவே இல்லை.

"பிரயாணம் எல்லாம் சௌகரியமா மாப்பிள்ளை?" என்றார் அப்பா. (எந்தப் பிரயாணம் என்று யாரும் கேட்கவில்லை.)

"நல்லா இருக்கேங்க" என்றவரின் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

அம்மா என் கையைக் கிள்ளினாள். "பையனுக்குக் கழுத்துல ஏதாவது கோளாறாடா?"

அது மாப்பிள்ளையின் அம்மா காதில் விழுந்துவிட்டது. "எங்க புள்ளைக்கு அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. செந்திலு, ஒழுங்கா நிமிர்ந்து உக்காரு" என்றார்.

செந்தில் நிமிர்ந்தார். அக்கா காபித் தட்டோடு வந்தாள். செந்திலின் தலை மறுபடியும் சாய்ந்தது, இந்த முறை கிட்டத்தட்டத் தோளைத் தொட்டது. அக்காவின் முகம் வாடிவிட்டது. அப்பா சுவரைப் பார்த்தார். இந்த இடமும் போச்சு என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. சிக்னல்தான் சரியில்லையோ என்று பார்க்க நான் திரைக்கு அருகே போனேன். மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில் எங்கள் கூடம் தெரிந்தது. அப்பா கூரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா தலைகீழாகத் தொங்கியபடி காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அந்த லேப்டாப்பில் கேமராவையே தலைகீழாகத்தான் பொருத்தியிருந்தார்கள். பழைய சிஸ்டத்தோடு வந்த டிரைவர் படத்தைத் திருப்பிக் காட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தது. லினக்ஸுக்கு அந்த ரகசியம் தெரியாது, உள்ளதை உள்ளபடியே காட்டிவிட்டது. மின்விசிறியில் இதை யார் கண்டுபிடிக்க முடியும்?

நிதானமாகப் போனில் கூப்பிட்டிருக்கலாம். பதற்றத்தில் நான் செய்தது, லேப்டாப்பைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்ததுதான். செந்தில் உடனே "ஆங், இப்ப சரியாத் தெரியறீங்க" என்று தலையை நிமிர்த்தினார். ஆனால் இப்போது எங்களுக்கு அவர் வௌவால் மாதிரி தொங்கினார்.

"ஐயோ, என் புள்ளைய என்ன பண்றீங்க!" என்று அவர் அம்மா அலறினார். கேசரித் தட்டு கவிழ்ந்தது.

"தம்பிதான் லேப்டாப்ல என்னமோ பண்ணித் தொலைச்சுட்டான்" என்றாள் அக்கா. நேராகச் செந்திலிடமே சொன்னாள். "நீங்க எங்களுக்குத் தலைகீழாத் தெரியறீங்க."

"அப்படியா? ஒரு நிமிஷங்க" என்றார் அவர். திரை ஆடியது. தன் லேப்டாப்பையும் அவர் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். இப்போது எங்களுக்கு அவர் நேராகத் தெரிந்தார். ஆனால் அவர் திரை கவிழ்ந்துவிட்டதே, அவருக்கு நாங்கள்தான் மறுபடியும் தலைகீழ். பழையபடி தலையைச் சாய்த்துக்கொண்டு, "பரவாயில்லைங்க, நான் எப்படியோ பாத்துக்கறேன். நீங்க என்னை நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அக்கா சிரித்தாள். எனக்குக் கை வலித்தது, ஆனால் லேப்டாப்பை இறக்க மனம் வரவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அப்பாவும் வந்து மறுபக்கம் தாங்கிப் பிடித்தார். அன்று ராத்திரி சம்மதமா என்று அம்மா கேட்டபோது, "நான் நேராப் பாக்கணும்னு அவரு தலையைச் சாச்சுக்கிட்டாரும்மா. வேற என்ன வேணும்?" என்றாள் அக்கா.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செந்தில் இப்போது எனக்கு மாமா. அந்த லேப்டாப்பைச் சீதனம் மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டார். படத்தைத் திருப்ப ஒரு வழி இருக்கிறது என்று அப்புறம் கற்றுக்கொண்டு போனேன். மாமா அதைத் தொடவே விடவில்லை.

போன மாதம் உறையூருக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அக்காவும் மாமாவும் கூட வந்தார்கள். பெண் காபியோடு வந்து நின்றாள். கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அண்ணாந்து பார்த்தேன்.

மாமா என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, ஃபேன் ஓடுது. பொண்ணப் பாரு."